கொழுந்தைப் போல் வாட்டிய இலை

என் மனைவி குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போன பிறகு, நாங்கள் இருவரும் பேசிக்கொண்டதெல்லாம் பாலைப் பற்றித்தான். காலையில் கறந்து முடித்ததும், அளவுக்கோடு போட்ட வாளியை, தோட்டத்து லயத்தில் எங்கள் ஒற்றை அறை வீடான காம்பராவின் வாசலில் வைத்துப் போனில் படம் எடுத்து அனுப்புவேன். மாலையிலும் அப்படியே. அவளுக்குப் போன் கையில் கிடைக்கிற நேரத்தில் அதைப் பார்த்துவிட்டு, "கன்னுக்கு ரொம்ப விட்டுட்டீங்களா?" என்றோ, "வாளி சாஞ்சு நிக்குது, நேரா வச்சு எடுங்க" என்றோ குரல் அனுப்புவாள். வெள்ளிக்கிழமை அவளுக்கு ஓய்வு. அன்று பின்னேரம் நேராகப் பேசுவோம். அப்போதும் பால்தான்.

எனக்குப் பேச வராது. கல்யாணம் முடித்த இருபத்திரண்டு வருடமும் அவள் பேசுவாள், நான் கேட்பேன். ஒரே காம்பராவில் இருக்கும்போது அது ஒரு குறையாகத் தெரியவில்லை. அவள் ஏதாவது சொன்னால் எழுந்து போய் அடுப்பில் விறகைத் தள்ளிவிடுவேன், அவள் தலையிலிருக்கும் குடத்தை இறக்கி வைப்பேன். அவளுக்கு அதுவே பதில். போனில் அதெல்லாம் செய்ய முடியாது.

அவள் போன அன்று பதுளை பஸ் நிலையத்தில் கொழும்பு பஸ்ஸுக்காகக் காத்திருந்தோம். பஸ் கிளம்பும் வரைக்கும் நான் அவளுடைய பையைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். ஏறி உட்கார்ந்து யன்னல் வழியாகப் பையை வாங்கும்போது அவள் சொன்னாள்.

"இப்ப நாலு குடுக்குறா. பத்து குடுக்க வைங்க, நான் வந்துர்றேன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எங்கள் பசுவை அவள் எப்போதும் 'அவ' என்றுதான் சொல்வாள். ஜேர்சிக் கலப்பு, வெளுத்த பழுப்பு நிறம். நாலு என்றால் காலையும் மாலையும் சேர்த்து நாலு லீற்றர். தேயிலைத் தோட்டத்தில் வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை கொடுத்தார்கள். பத்து லீற்றர் பால், எங்களிடம் வாங்குகிற பாற்சபைக்குப் போனால் ஒரு ஆள் வெளிநாட்டில் இருக்கத் தேவையில்லை என்பது அவளுடைய கணிப்பு. விளையாட்டாகச் சொன்னாளோ என்னவோ, நான் அதைப் பிடித்துக்கொண்டேன். அவளுடைய இரண்டு வருடக் கொந்தரப்பு, அதாவது வேலை ஒப்பந்தம், முடிவதற்குள் பசு பத்து லீற்றர் கறக்க வேண்டும். கறந்தால் அவள் வருவாள். என் மனதில் வேறு ஒன்றும் இல்லை.

முதல் வருடம் ஒன்றும் நடக்கவில்லை. கடையில் மாட்டுத்தீவனம் கிடைப்பதே அபூர்வமாக இருந்த காலம் அது. தேங்காய்ப் புண்ணாக்கும் எட்டாத விலையாகிவிட்டது. மலையோரம் வெட்டிய புல்லை மட்டும் போட்டேன். பசு அதை நாள் முழுவதும் மென்றுகொண்டு நின்றது. வாளியில் கோடு ஏறவில்லை.

இரண்டாவது வருடம்தான் கால்நடை உத்தியோகத்தர் ஒருவர் எங்கள் தோட்டத்துக்கு வரத் தொடங்கினார். யாழ்ப்பாணத்துப் பெண், சின்ன வயது. நாங்கள் மிஸ் என்று கூப்பிடுவோம். லுணுகலையிலிருந்து மோட்டார் சைக்கிளில் மேடேறி வருவார். மாடு வைத்திருக்கிற ஆறு வீட்டுக்காரர்களையும் பழைய பிள்ளைக் காம்பராவில் கூப்பிட்டு உட்கார வைத்தார். முன்பு தேயிலைக் கொழுந்தெடுக்கப் போகும் பெண்கள் கைக்குழந்தைகளை விட்டுப் போகிற கட்டடம் அது. இப்போது தொட்டில் கட்டிய கொக்கிகள் மட்டும் இருக்கின்றன.

என் பக்கம் திரும்பி அவர் சொன்னது நன்றாக நினைவிருக்கிறது. "உங்கட மாட்டுக்குப் புரதம் காணாது அண்ணை. புல்லில அது கொஞ்சம்தான் இருக்கு. உங்கட வேலியிலயே புரதம் நிக்குது, நீங்கள் அதை விறகுக்கு வெட்டுறியள்."

கிளிரிசீடியா மரத்தைத்தான் சொன்னார். எங்கள் பக்கம் எல்லா வேலியிலும் நிற்கும், கிளையை ஒடித்து நட்டாலே துளிர்க்கிற மரம். அந்த இலையை நிழலில் மெல்லிசாகப் பரப்பிக் காய வைத்து, இடித்துச் சலித்து, அரிசித் தவிடும் கொஞ்சம் புண்ணாக்கும் உப்பும் தாதுத்தூளும் சேர்த்து, கரும்புப் பாணி, அதாவது பாகு, ஊற்றிப் பிசைந்து கொடுக்க வேண்டும். அவ்வளவுதான். பச்சையாகப் போட்டால் வாடைக்கு மாடு தொடாது, காய்ந்தால் தொடும் என்றார்.

முதல் நாள் இலை பறிக்கப் போனதை நினைத்தால் இன்றும் சிரிப்பு வருகிறது. மற்ற ஐந்து வீட்டுப் பெண்களும் மரத்தடியில் நின்று, நுனியில் இருந்த இளந்தளிரை மட்டும் இரண்டு விரலால் கிள்ளி, பழக்கத்தில் தோளுக்குப் பின்னால் எறிந்தார்கள். முதுகில் கூடை இல்லை. தளிரெல்லாம் தரையில் விழுந்தது. முற்றின இலையை ஒருவரும் தொடவில்லை. மிஸ் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, "அக்காமார், இது கொழுந்து இல்லை, கிளையோட உருவுங்கோ" என்றார். பக்கத்து லயத்து அக்கா, முப்பது வருடம் கொழுந்தெடுத்தவர், தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கை கேக்க மாட்டேங்குது மிஸ்," என்றார். அன்று நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பில் எனக்கும் ஒரு பாடம் இருந்தது என்று அப்போது தெரியவில்லை.

கரும்புப் பாணி கொண்டு வருகிற வேலை எனக்கு விழுந்தது. மொனராகலைப் பக்கம் கரும்பு விளைகிற இடத்தில் வாங்கி, கலனில் அடைத்து, பஸ்ஸில் கொண்டுவர வேண்டும். முதல் தடவை மூடி சரியாக இறுகவில்லை. பிபிலை தாண்டி ஏற்றத்தில் பஸ் சாய்ந்தபோது பாணி மெதுவாக இறங்கி ஓடத் தொடங்கியது. இறங்குகிறவர்களின் செருப்பெல்லாம் தரையில் ஒட்டி ஒட்டிப் பிரிகிற சத்தம் கேட்டது. கொண்டக்டர் யாருடைய கலன் என்று சிங்களத்தில் கேட்டார். என்னுடையது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. லுணுகலையில் கலனைத் தூக்கிக்கொண்டு இறங்கியபோதுதான் எல்லோரும் கண்டார்கள். வெள்ளிக்கிழமை இதை அவளிடம் சொன்னேன். பாலைத் தவிர நான் அவளிடம் சொன்ன முதல் கதை அதுவாகத்தான் இருக்கும். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். பக்கத்தில் யாரோ அரபியில் என்னவென்று கேட்டார்கள். அவள் விளக்கப் பார்த்து முடியாமல் மறுபடியும் சிரித்தாள்.

அந்த வருடம் பசு ஆவணியில் கன்று போட்டது. பிசைந்த தீவனத்தை முதலில் முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. பாணியைக் கொஞ்சம் கூட்டினேன். மூன்றாம் நாள் நக்கியது. ஒரு வாரத்தில் தொட்டியை முட்டித் தள்ளிக் கேட்டது. ஐந்து லீற்றர் வந்தது. ஐந்தரை. ஐப்பசி முடியும்போது ஏழு. ஒவ்வொரு கோடு ஏறும்போதும் அவளுடைய குரல் மாறியது. லயத்துக் கூரைத் தகரம் ஒழுகுகிறதா என்று கேட்டாள். வாசலில் வைத்துவிட்டுப் போன கறிவேப்பிலைக் கன்று எவ்வளவு உயரம் என்று கேட்டாள். அவள் கேட்பதெல்லாம் வரப்போகிறவள் கேட்கிற கேள்வியாக எனக்குப் பட்டது. நான் அவளுடைய இரண்டு சேலையை எடுத்து வெயிலில் போட்டு மடித்து வைத்தேன். இதையும் சொல்லவில்லை.

கொந்தரப்பு மாசியில் முடிகிறது. அவள் வேலை செய்கிற வீட்டு மேடம் இன்னும் இரண்டு வருடம் இருக்கச் சொல்கிறாராம். மாசிக்கு முன் பதில் சொல்ல வேண்டுமாம்.

கார்த்திகையில் மழை பிடித்தது. எங்கள் பக்கம் அந்த மழை பிடித்தால் விடாது. பிள்ளைக் காம்பராவுக்குள் பரப்பிய இலை மூன்று நாள் கழித்தும் துவண்டுதான் கிடந்தது, காயவில்லை. இருந்த தூள் ஒரு வாரத்துக்குத்தான் வரும். தீவனம் நின்றால் ஏழு மறுபடியும் நாலாகும். மாசிக்கு இரண்டு மாதமும் கொஞ்சமும் இருந்தது.

இந்த இடத்தில் என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தோட்டத்து ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், பதினேழு வருடம் வேலை செய்தவன் நான். முதலில் மாடியில் கொழுந்து வாட்டினேன். பிறகு அரைத்த கொழுந்தைப் புளிக்க வைக்கிற அறை. இலை எந்த நேரத்தில் பதமாகிறது என்று மூக்கில் கண்டுபிடிப்பேன். டீமேக்கர் ஐயாவே என்னைக் கூப்பிட்டு முகரச் சொன்ன நாட்கள் உண்டு. ஸ்டோரை மூடிவிட்டார்கள். கொழுந்து இப்போது லொறியில் வேறு தோட்டத்துக்குப் போகிறது. என்னை மலையில் புல் வெட்ட விட்டார்கள். கூட்டத்தில் வாய் திறக்காத எனக்கு, உலகத்தில் நன்றாகத் தெரிந்த ஒன்று உண்டென்றால் அது இலைதான்.

பாதி வாடிய கிளிரிசீடியா இலையை ஒரு மூலையில் குவித்தேன். படங்குச் சாக்கை நனைத்து மேலே போர்த்தினேன். ஸ்டோரில் செய்ததைத்தான் செய்தேன். மறுநாள் சாக்கைத் தூக்கியபோது இலை சூடாக இருந்தது, பச்சை கறுத்திருந்தது, நல்ல இனிப்பு வாசனை வந்தது. அந்த மரத்தின் இலை வாடினாலே கொஞ்சம் அப்படி மணக்கும் என்பதை நான் யோசிக்கவில்லை. புளித்துப் பதமாகிவிட்டது என்று நினைத்தேன். பிறகு அடுப்புக்கு மேல் தட்டுக் கட்டி அதைக் காய வைத்தேன்.

மற்ற வீட்டுக்காரர்கள் வந்து முகர்ந்து பார்த்தார்கள். பக்கத்து லயத்து அக்கா ஒரு பிடியை அள்ளி மூக்கில் வைத்துக்கொண்டு, "ஸ்டோரு மறுபடி தொறந்த மாதிரி இருக்கு தம்பி," என்றார். அவ்வளவு பேர் என்னைப் புகழ்ந்து பேசி நான் கேட்டதில்லை. மழைக்காலம் முழுவதும் அப்படியே செய்து ஆறு வீட்டுக்கும் பிரித்துக் கொடுத்தேன். மிஸ்ஸிடம் கேட்டிருக்கலாம். பாதை சரிந்து அவர் ஒரு மாதமாக வரவில்லை. ஆனால் போன் நம்பர் என்னிடம் இருந்தது.

பசு முதலில் விரும்பித்தான் தின்றது. மார்கழி முடிகிற சமயம் தொட்டியில் மிச்சம் வைக்கத் தொடங்கியது. சாணி இளகியது. ஏழு ஆறாகி, ஐந்தாகி, ஒரு நாள் மாலை வாளியின் அடியை மட்டும் மறைத்தது. தைப்பொங்கலுக்கு மறுநாள் காலையில் பசுவின் மூக்கோரம் மெல்லியதாக ஒரு இரத்தக் கோடு காய்ந்திருந்ததைப் பார்த்தேன். அன்றுதான் மிஸ்ஸுக்குப் போன் எடுத்தேன்.

அவர் சரிந்த இடத்தில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு நடந்தே வந்தார். பசுவைப் பார்த்து ஊசி போட்டார். பிறகு சாக்கிலிருந்த இலையை எடுத்து வெளிச்சத்தில் பிரித்தார். உள்ளே வெள்ளைவெள்ளையாகப் படர்ந்திருந்தது. எப்படிக் காய வைத்தேன் என்று கேட்டார். சொன்னேன். அவர் கோபப்படவில்லை.

"இது தேயிலை இல்லை அண்ணை. ஈர இலையைக் குவிச்சு வச்சா பூஞ்சணம் பிடிக்கும். இந்த இலையில பூஞ்சணம் பிடிச்சா மாட்டின்ர ரத்தம் உறையாது. உடன நிப்பாட்டுங்கோ. மற்ற வீட்டுக்காரருக்கும் சொல்ல வேணும்."

தானே போய்ச் சொல்வதாகவும் சொன்னார். நான்தான் வேண்டாம் என்றேன். எப்படி அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. ஐந்து வீட்டுக்கும் நானே போனேன். ஒவ்வொரு வாசலிலும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் கூப்பிட்டேன். இலை கெட்டுப்போச்சு, போடாதீங்க, தப்பு என்னுடையது என்று ஒரே மாதிரிச் சொன்னேன். கடைசிக் காம்பராக்காரர், "பெரிய இலை வாத்தியாரு," என்று மனைவியைப் பார்த்துச் சொன்னார். நான் கேட்க வேண்டும் என்றுதான் சொன்னார். மாட்டைப் பார்க்க வந்துவிட்டேன். பக்கத்து லயத்து அக்காவின் மாட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவருடைய மாடு அந்தத் தூளை முதல் நாளே ஒதுக்கிவிட்டதாம். அவர் எடுத்துக் குப்பையில் கொட்டிக்கொண்டு இருந்திருக்கிறார்.

"முதல்லயே சொல்லியிருக்கலாமே அக்கா," என்றேன்.

"நீ ஒரு மாசமா சிரிச்ச மூஞ்சியா திரிஞ்சியே தம்பி. அத எப்பிடி சொல்றது?"

மற்ற மாடுகளும் தப்பின. அதிகம் போட்டவன் நான்தான். சீக்கிரம் பத்து வர வேண்டும் என்று இரண்டு பங்கு போட்டிருந்தேன்.

அந்த நாட்களில் அவளுக்குப் படம் அனுப்பவில்லை. போன் கமரா கெட்டுவிட்டது என்று ஒரு தடவை பொய் சொன்னேன். வெள்ளிக்கிழமை வந்தது. பின்னேரம் அவள் போன் எடுத்தாள்.

"எத்தனை?"

"மூணு."

நடந்ததைச் சொன்னேன். இலையைக் குவித்தது, சாக்குப் போட்டது, இரத்தக் கோடு எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கடைசி வரைக்கும் கேட்டாள். பசு பிழைத்துவிடுமா என்று கேட்டாள். பிழைத்துவிடும் என்று மிஸ் சொன்னதைச் சொன்னேன்.

"மேடம் நாளைக்குப் பதில் கேட்டிருக்காங்க," என்றாள்.

மழை இன்னும் விடவில்லை என்று சொன்னேன். சரிந்த பாதையைப் பற்றியும் சொன்னேன்.

"வேற ஒண்ணும் சொல்றதுக்கு இல்லையாங்க?"

அந்தக் கேள்வி இன்றும் காதில் இருக்கிறது. அவள் அதை மெதுவாகத்தான் கேட்டாள். சொல்வதற்கு இருந்தது. ஆனால் மூன்று லீற்றரை வைத்துக்கொண்டு எந்த முகத்தோடு வா என்று சொல்வது? பத்து வந்தால் வருகிறேன் என்றாள். பத்து வரவில்லை. என் பக்கம் பேச்சு தவறிவிட்டது. எனக்கு அப்படித்தான் தோன்றியது.

"வேற ஒண்ணும் இல்ல," என்றேன்.

"சரிங்க. அப்ப நான் கையெழுத்து போட்டுர்றேன்."

மடித்து வைத்த சேலையைத் திரும்பப் பெட்டியில் வைத்தேன். கறிவேப்பிலைக்குத் தண்ணீர் ஊற்றினேன். பசுவுக்குப் பச்சைப் புல் மட்டும் கொடுத்து, மிஸ் சொன்ன மருந்தை வேளைக்கு வேளை ஊற்றினேன். அது பங்குனியில் எழுந்து நன்றாகத் தின்னத் தொடங்கியது. நான் காலையில் தோட்டத்து வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்குப் போவதும் வருவதுமாக இருந்தேன். வெள்ளிக்கிழமைகளில் அவள் எடுப்பாள். ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். பாலை அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள். கேட்காதபோதுதான், அதை விட்டால் எங்களுக்கு நடுவில் வேறு ஒன்றும் இல்லையோ என்று பயம் வந்தது.

ஆடி மாதம் எங்கள் மலையில் வறண்ட காற்று வீசும். எங்கள் பக்கத்துத் தேயிலைக்கு நல்ல மணம் ஏறுகிற காலம் அது. அந்தக் காற்றில் பிள்ளைக் காம்பராவின் எட்டு யன்னலையும் திறந்துவிட்டு, இலையை ஒரு விரல் கனத்துக்கு மேல் போகாமல் பரப்பினோம். காலை, மதியம், மாலை புரட்டிப் போட்டேன். இரண்டு நாளில், பச்சை மாறாமல், கையில் எடுத்தால் நொறுங்கியது. மூக்கில் வைக்கவில்லை. நொறுங்குகிறதா என்று மட்டும் பார்த்தேன். மழைக்காலம் முழுவதற்கும் போதுமான தூளை இடித்துச் சலித்து, காய்ந்த சாக்குகளில் கட்டி உயரத்தில் வைத்தோம். கடைசிக் காம்பராக்காரரும் மனைவியோடு வந்து உரலில் இடித்தார். வாத்தியாரே என்றுதான் இப்போதும் கூப்பிடுகிறார். பழகிவிட்டது.

புரட்டாசியில் பசு மறுபடியும் கன்று போட்டது. கிடாரி. கார்த்திகை மழை தொடங்கி இரண்டாவது வாரம், ஒரு வியாழக்கிழமை, காலையில் ஆறும் மாலையில் நாலும் வந்தது. வாளியை வாசலில் வைத்தேன். போனையும் எடுத்தேன். படம் எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் அந்த வாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். இது மாசிக்கு முன் வந்திருந்தால் என்று நினைத்தேன். பிறகு, வந்திருந்தாலும் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று நினைத்தேன். பத்து என்று சொல்லியிருப்பேன். அவ்வளவுதான்.

மறுநாள் பின்னேரம் அவள் எடுத்தபோது, அவள் பேசுவதற்கு முன் நான் சொன்னேன். முன்கூட்டியே மனதில் சொல்லிப் பார்த்திருந்தும் வார்த்தை நேராக வரவில்லை.

"நேத்து பத்து வந்துச்சு. படம் அனுப்பல. அதுக்காக வான்னு சொல்லல. மூணு இருந்தப்பவே சொல்லியிருக்கணும். நீ கேட்ட அன்னிக்கே. நீ இங்க இருக்கணும் புள்ள. பால் வந்தாலும் வராட்டியும்."

லைன் அறுந்துவிட்டது என்று நினைத்துப் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். அறுபடவில்லை.

"இதச் சொல்றதுக்கு அவ ரெண்டு தடவ கன்னு போடணுமாங்க?" என்றாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை.

"வாயில வரல."

"இன்னும் பதினஞ்சு மாசம் இருக்கு. இப்ப சொல்றீங்க."

"தெரியும்."

"பாஸ்போர்ட் மேடம்கிட்ட இருக்கு. நடுவுல விட மாட்டாங்க."

அதுவும் தெரியும் என்றேன். அவள் மூக்கை உறிஞ்சினாள். பிறகு, மாட்டுக்கு வைத்தாயிற்றா என்று கேட்டாள். இன்னும் இல்லை என்றேன். "போய் வைங்க. போனை வெட்டாதீங்க. எனக்கு இன்னிக்கு வேல இல்ல," என்றாள்.

போனைத் தொழுவத்துக் குறுக்குக் கட்டையில் சாய்த்து வைத்தேன். தவிட்டை அளந்து கொட்டினேன். இலைத் தூளைக் கொட்டினேன். பாணிக் கலனைச் சாய்த்தபோது அது என்ன சத்தம் என்று கேட்டாள். சொன்னேன். பிசையும்போது தண்ணீர் கூடவா குறையவா என்று கேட்டாள். அதையும் சொன்னேன். கிடாரிக்கன்று கயிற்றை இழுத்துக்கொண்டு வந்து போனை முகர்ந்தது. "யாரு இது மூச்சு விடுறது?" என்றாள். புதுசா பொறந்தவ என்றேன். அவளுக்குப் பின்னால் எங்கோ கதவு ஒன்று திறந்து மூடுவது கேட்டது. பசு தொட்டியில் தலையை விட்டுத் தின்னத் தொடங்கியது. நாங்கள் இரண்டு பேரும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.